மேல் தாழ்ப்பாள்

இந்த நாற்காலி ஐந்து வயதுப் பிள்ளைக்காகச் செய்தது, நான் ஐம்பதைத் தாண்டியவன், முழங்கால் இரண்டும் மார்புக்கு நேராக ஏறி நிற்கின்றன, இந்தக் கோலத்தில் ஒருவன் கௌரவமாகப் பயப்படக்கூட முடியாது. எழுந்து நிற்கலாம். நின்றால் நடக்கத் தோன்றும், நடந்தால் அந்த நீலக் கதவு வரை போகத் தோன்றும், போனால் காதை வைத்துக் கேட்கத் தோன்றும். கதவுக்கு அந்தப் பக்கம் இளவேனில் இருக்கிறாள், என் மகள், பன்னிரண்டு வயது, பேச்சு வராது, மூளை வளர்ச்சி வயதுக்கு ஒத்து வரவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. சத்தம் வந்தால் ஒரு பயம், வராவிட்டால் வேறொரு பயம். இரண்டாவதுதான் பெரியது என்று போன மாதம் முதல் தெரியும். உட்கார்ந்தே இருப்போம். நகராட்சிப் பள்ளியின் பின்கட்டில் இயங்கும் இந்தச் சிறப்புப் பயிற்சி மையத்தில் பெரியவர்கள் உட்காரத் தக்க நாற்காலிகள் எல்லாம் இன்று அடுத்த அறைக்குப் போய்விட்டன, மதிப்பீட்டுக் குழுவுக்காக. மையத்தை மேம்படுத்த எடுத்த முயற்சிகள் எவ்வளவு பலன் தந்தன, பெற்றோர் எவ்வளவு பங்கெடுக்கிறார்கள், இதெல்லாம் கண்டுபிடிக்க வந்த குழு. குழு என்பது நிரஞ்சனா என்ற ஒரே ஒரு பெண், கையில் ஒரு தொடுதிரை டேப், கழுத்தில் அடையாள அட்டை. மற்றவர்கள் டேப்புக்குள் இருக்கிறார்கள் போலும். கேள்விகளை வாட்ஸப்பில் முன்கூட்டியே அனுப்பி, படித்துவிட்டு வரச் சொன்னார்கள். நான் படித்தேன். கிளை நூலகத்தில் நூலகர் வேலை, பல்பொடி உறையின் பின்பக்கம்வரை படித்துத் தொலைக்கிற வியாதி. ‘மையத்தில் கற்றதை வீட்டில் பயிற்சி செய்ய வைக்கிறீர்களா? ஒன்று: ஒருபோதும் இல்லை. இரண்டு: அரிதாக. மூன்று: சில சமயம். நான்கு: அடிக்கடி. ஐந்து: எப்போதும்.’ எப்போதும் என்றால் தூங்கும்போதுமா? அடிக்கடிக்கும் சில சமயத்துக்கும் நடுவே எல்லைக்கல் எங்கே? இப்படிக் குற்றம் பார்த்துக்கொண்டிருந்தால் பயம் கொஞ்சம் அடங்குகிறது, அதனால்தான் பார்க்கிறேன். என் கேள்வி இலக்கணக் கேள்வி இல்லை. இந்தப் பெண் கேட்கும்போது நான் என்ன சொல்லப்போகிறேன் என்பதுதான் கேள்வி.

ஐந்து என்று சொல்லவேண்டும். அது எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு. பெற்றோர் குழுவில் செய்யது பாத்திமாதான் குரல் பதிவு போட்டாள், பின்னால் தையல் மெஷின் கடகடக்க: “எல்லாரும் எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுருங்க, கேட்டியளா. நாலு போட்டாக்கூட டீச்சருக்குத்தான் கெட்ட பேரு. ஆன்லைன்ல சாமான் வாங்குனா ஸ்டார் குடுக்கம்லா, அதே மாதிரிதான். அண்ணாச்சி, நீங்க படிச்சவிய, நாஞ் சொல்லுதது சரிதான?” அண்ணாச்சி என்றது என்னை. நான் கும்பிடு போட்டேன், அதாவது கும்பிடுகிற கைப் படத்தை. எப்படி வேண்டுமானாலும் அர்த்தம் கொள்ளத்தக்க படம் அது. ஆனால் உண்மையில் எனக்கு ஐந்து பிடித்திருந்தது. எஸ்தர் டீச்சரை இங்கிருந்து மாற்றிவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது, இந்த மையம் ஒரு கட்டடம், ஒரு பந்துக் கூடை, சுவரில் யானைப் படம். காலையில் இளவேனிலுக்குத் தலை வாரிக்கொண்டே வடிவும் அதைத்தான் சொன்னாள், என் மனைவி, சீப்பை வாயில் கவ்விக்கொண்டு: “நீங்களே போய்ட்டு வாங்க. எங்கிட்ட அந்தப் பொண்ணு ஒரு வார்த்த அன்பாக் கேட்டுட்டான்னா நான் எல்லாத்தையும் கொட்டிருவேன். அஞ்சுன்னு சொல்லுங்க, கையெழுத்தப் போடுங்க, பிள்ளையக் கூட்டிட்டு வந்துருங்க. வழியில கையை விட்ராதீங்க.” கடைசி வாக்கியத்தை இப்போதெல்லாம் அவள் எல்லா வாக்கியத்துக்கும் பிறகு சொல்கிறாள். பால் வாங்கிட்டு வாங்க, கையை விட்ராதீங்க. நான் தனியாகத்தான் பால் வாங்கப் போகிறேன்.

உள்ளே ஏதோ விழுந்தது. மரக்கட்டை. டீச்சர் குரல், பிறகு ஒரு சின்னச் சிரிப்பு, அது இளவேனிலுடையதுதானா, அவளுடையது இன்னும் மூக்கால் வரும். நூலக வகைப்பாட்டு எண்களின்படி என் மகள் மூன்று அலமாரிகளில் இருக்கிறாள். மருத்துவத்தில் தேடினால் 618. சமூக நலத்தில் தேடினால் 362. கல்வியில் தேடினால் 371.9. புத்தகங்களுக்கு எண் போட்டவர் யாராக இருந்தாலும் நல்ல கிண்டல்காரர், ஏனென்றால் 362இல் நின்று கையை நீட்டினால் 365 எட்டும், 365 என்பது சிறைச்சாலைகள். எங்கள் கிளையில் இந்த விஷயமாக ஒரே ஒரு புத்தகம் உண்டு, அது 362இல் இருந்தது, ஒரு மதியம் யாரும் இல்லாதபோது முதுகில் எண்ணைச் சுரண்டிவிட்டு 371.9 என்று ஒட்டி, கல்வி அலமாரிக்கு மாற்றினேன். நிர்வாக ரீதியில் இது குற்றம். மாவட்ட மைய நூலகத்திலிருந்து தணிக்கைக்கு வந்தவர் கண்டுபிடிக்கவில்லை, ஒட்டடைக்குத்தான் குறிப்பு எழுதினார். நலத்திலிருந்து கல்விக்கு என் மகளைக் கைப்பிடித்துக் கூட்டிவந்த பெருமிதம் அன்று முழுக்க இருந்தது. கல்வி. எதற்குக் கல்வி என்று அன்று யோசித்தேனா? முன்னேற்றம் என்று கேள்வியில் ஒரு சொல் வருகிறது, முன்னேற்றம் கண்டீர்களா என்று, முன் என்றால் எந்தப் பக்கம் என்று கேள்வி சொல்லவில்லை. வாசல் பக்கமா?

ஆமாம், வாசல் பக்கம். அவள் தாழ்ப்பாள் திறக்கக் கற்றுக்கொண்டாள். எஸ்தர் டீச்சர் ஒரு பலகையில் தாழ்ப்பாள், கொண்டி, குழாய்த் திருகு, சுவிட்சு எல்லாம் அடித்து வைத்திருக்கிறார், அதில் மாதக்கணக்கில் பயிற்சி, அந்த விரல்களுக்கு அது மலை ஏறுகிற வேலை, கட்டைவிரல் ஒரு திசையில் போகும், மற்றவை கலந்தாலோசிக்கக் காத்திருக்கும். ஒருநாள் திறந்துவிட்டாள். டீச்சர் போனில் படம் எடுத்து அனுப்பினார், நாங்கள் வீட்டில் கைதட்டினோம், வடிவு கேசரி கிண்டினாள். அந்தக் கேசரி இன்னும் என் தொண்டையில் இருக்கிறது. போன மாதம் ஒரு மதியம் வடிவு பாத்திரம் தேய்த்துவிட்டு முதுகைச் சாய்த்தாள், அவ்வளவுதான், கண் மூடித் திறக்கிற நேரம், வாசல் கதவு திறந்திருந்தது, வெயில் உள்ளே வந்து பாய் மேல் படுத்திருந்தது. அவளுடைய செருப்பைக் காணவில்லை. இதை நான் பலமுறை யோசித்துவிட்டேன்: செருப்பை மாட்டிக்கொண்டு போயிருக்கிறாள், வலது வலதிலும் இடது இடதிலும். அதுவும் இங்கே கற்றதுதான். பஸ் ஸ்டாண்ட் வரை நடந்து, சங்கரன்கோவில் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள், ஓட்டுநர் வண்டியைக் கிளப்பியாகிவிட்டது, நடத்துநர் சீட்டு எங்கேம்மா என்று கேட்டிருக்கிறார், இவள் இரண்டு கையையும் கூப்பி வணக்கம் சொல்லியிருக்கிறாள். அதுவும் இங்கே கற்றது. கேட்ட கேள்விக்கெல்லாம் வணக்கம் வைக்கவே அந்த மனிதருக்கு ஏதோ உறைத்து, விசில் ஊதி, கையைப் பிடித்து இறக்கி, நேரக் காப்பாளர் அறையில் உட்காரவைத்துவிட்டார், தேடி ஓடிய நாங்கள் அங்கேதான் கண்டோம். தாழ்ப்பாள், செருப்பு, வணக்கம். கேள்விப்படி பார்த்தால் மூன்றுக்கும் ஐந்து. மையத்தின் முழு வெற்றி அந்த பஸ்ஸில் உட்கார்ந்திருந்தது.

அவர் கேட்டார், இறக்கினார், முடிந்தது, பிள்ளை வீட்டில் இருக்கிறாள். அப்படியென்றால் ஏன் அந்த பஸ் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது? நடந்தது நடந்து முடிந்துவிட்டது, நடக்காமல் போனதுதான் எனக்குள் விடாமல் நடந்துகொண்டிருக்கிறது. நூலகத்தில் ஒரு வாசகர் நாளிதழைப் புரட்டும் சத்தத்தில் பஸ் புறப்பட்டுவிடும். அதில் நடத்துநர் கேட்கமாட்டார், கூட்டம் அதிகம், யார் பிள்ளையோ கூட வந்திருப்பார்கள் என்று விட்டுவிடுவார். அவள் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு போவாள், சந்தோஷமாக, அதுதான் தாங்கவில்லை, சந்தோஷமாகத்தான் போவாள். கடைசி நிறுத்தம். எல்லாரும் இறங்குவார்கள், அவளும் இறங்குவாள், வெளிச்சம் குறையும். அவளிடம் எங்கள் பெயர் இல்லை, ஊர் இல்லை, சொல்ல ஒரு சொல் இல்லை, கூப்பிய இரண்டு கை மட்டும் இருக்கிறது. யாரோ ஒருவன் குனிந்து, “பேரு என்ன பாப்பா?” என்று கேட்பான். மிக அன்பாகக் கேட்பான். இந்த இடத்தில் நான் பஸ்ஸை நிறுத்திவிடுவேன், உண்மையாகவே கையை நீட்டுவேன், ஒருமுறை நூலகத்தில் அப்படி நீட்டி மைக்கூட்டைத் தட்டிவிட்டேன். பன்னிரண்டு வயது. இந்த ஆண்டோ அடுத்த ஆண்டோ பெரியவளாகிவிடுவாள், வடிவு துணிகளைக் கிழித்து மடித்து வைக்க ஆரம்பித்துவிட்டாள், என்னிடம் சொல்லவில்லை, நான் பார்த்தேன். எங்களுக்குப் பிறகு என்று ஒரு வாக்கியம் தொடங்கும், எந்தப் புத்தகத்திலும் அதை முடித்துவைத்தவர் இல்லை, நான் தேடியிருக்கிறேன்.

அன்று சாயங்காலமே ஆசாரியை வரவழைத்தேன். வாசல் கதவின் உச்சியில், நிலைக்கு ஒட்ட ஒரு தாழ்ப்பாள். “இவ்வளவு மேலயா? நீங்களே எக்கித்தான் போடணும் சார்,” என்றார் அவர். எக்கிப் போடவேண்டும் என்பதுதான் நோக்கம் என்று அவருக்கு விளக்கவில்லை. கீழ்த் தாழ்ப்பாளைத் திறந்து, கதவை இழுத்து, அது வராததைக் கண்டு இளவேனில் அப்படியே நின்றாள். மறுபடி கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு மறுபடி திறந்தாள், தான் எங்கோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்தாள் போல. எவ்வளவோ நாள் உழைத்துப் படித்த பாடம் ஒரே இரவில் பொய்யாகிவிட்டால் யாரும் அப்படித்தான் நிற்பார்கள். நான் நாளிதழை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். சில நாள் கழித்து சமையலறையிலிருந்து ஒரு சத்தம், பிளாஸ்டிக் தரையில் இழுபடுகிற சத்தம். நாற்காலி. அவள் நாற்காலியை இழுத்துக்கொண்டு வருகிறாள், கூடத்தைத் தாண்டி, வாசல் கதவுக்கு, அதன்மேல் ஏறி, மேலே கையை நீட்டி. இங்கே நான் ஒன்று சொல்லவேண்டும், குரங்குகளின் அறிவைச் சோதிக்க எட்டாத உயரத்தில் பழத்தைத் தொங்கவிட்டு, அறையில் ஒரு பெட்டியை வைப்பார்கள் என்று படித்திருக்கிறேன், பெட்டியை இழுத்துவந்து ஏறுவது சாதாரணமான காரியம் இல்லை, அதற்கு முன்னும் பின்னும் யோசிக்க ஒரு மனம் வேண்டும், பெரிய மருத்துவர்கள் எல்லாம் இந்தப் பிள்ளையிடம் அது இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என் உடம்பு சிலிர்த்தது. அதே சிலிர்ப்பு பாதி வழியில் பயமாகிவிட்டது, எது எங்கே முடிந்து எது தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஓடிப்போய் அவளைத் தூக்கி இறக்கினேன். அன்று வீட்டிலிருந்த நாற்காலிகளை எல்லாம் மொட்டைமாடிக்கு ஏற்றினோம். இப்போது வருகிறவர்களுக்குப் பாய்தான். மைத்துனர் வந்து தரையில் உட்கார்ந்து, “என்ன மாப்ள, சாமியாராப் போறியளா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். டீச்சரிடம் இதில் ஒரு எழுத்தும் சொல்லவில்லை, பஸ்ஸையும் சொல்லவில்லை, சொன்னால் அவர் பயந்துபோய்ச் சொல்லிக்கொடுப்பதையே நிறுத்திவிடுவார் என்று வடிவு பயந்தாள், நிறுத்தாமல் தொடர்ந்துவிடுவார் என்று நான் பயந்தேன்.

கேள்வி கேட்கிற அறையின் கதவு திறக்கிறது, பாத்திமா வெளியே வருகிறாள், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பரீட்சை எழுதி முடித்த முகம். பக்கத்து நாற்காலியில் உட்காருகிறாள், அவள் ஒல்லி, அவளுக்கு அது பொருந்துகிறது. “எல்லாம் அஞ்சு, அண்ணாச்சி. அந்தப் பிள்ள தங்கமான பிள்ள, நான் சொல்லச் சொல்ல டக்கு டக்குன்னு அமுக்குது. எம் பையன் ரியாசு நல்லா முன்னேறிட்டானாம், இலக்கு எல்லாம் முடிச்சிட்டானாம். அதனால அடுத்த வருசத்துலருந்து அவன் இங்கன வரவே வேண்டாமாம், வாரம் ஒருக்க ஒரு டீச்சர் வீட்டுக்கே வந்து பாத்துக்கிடுவாவளாம்.” சொல்லிச் சிரிக்கிறாள். சிரிப்பு முகத்திலேயே நிற்கிறது, கண் மட்டும் எங்கோ போய்விட்டுத் திரும்புகிறது. “அப்பம் வேன் வராதா, அண்ணாச்சி? நான் தையலுக்குப் போனா அவன யாரு பாப்பா?” எனக்கு இப்போதுதான் புரிகிறது. இங்கே இடம் குறைவு, காத்திருக்கிற பிள்ளைகள் அதிகம், முழு மதிப்பெண் வாங்கினவனை இடத்தைக் காலி செய்யச் சொல்கிறார்கள், நியாயம்தான், ஆஸ்பத்திரியில் குணமானவனுக்குக் கட்டில் கொடுப்பார்களா. டீச்சரைக் காப்பாற்றுகிறோம் என்று எல்லாரும் சேர்ந்து பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். “மறுபடி உள்ள போ, தாயி. சரியா யோசிக்காமச் சொல்லிட்டேன், மாத்தணும்னு சொல்லு. எனக்கு அடுத்து போ,” என்கிறேன். “வைவாவளோ?” “வையட்டும்.” இவ்வளவு தெளிவாக அவளுக்குச் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த அதே மூச்சில் இன்னொன்று என் காதுக்குப் பின்னாலிருந்து பேசுகிறது, அதுவும் என் குரல்தான்: ஐந்து சொன்னால் இளவேனில் வீட்டில் இருப்பாள்.

வீட்டில். கதவுக்கு உள்ளே. வாரம் ஒருமுறை யாரோ வந்து பந்து உருட்டிவிட்டுப் போவார்கள். புதிதாக ஒன்றும் கற்கமாட்டாள், கற்றது மெல்ல விரலைவிட்டுப் போய்விடும். பஸ் புறப்படாது. எவனும் குனிந்து பெயர் கேட்கமாட்டான். நான் யாரையும் ஏமாற்றவேண்டியதில்லை, புகழ்ந்தால் போதும், மிக நன்று, மிக நன்று, எப்போதும், எப்போதும் என்று சொல்லி என் மகளைச் சிறையில் அடைக்கலாம், அடைத்ததற்கு நன்றி சொல்லி டீ தருவார்கள். அடுத்த ஆண்டுக்கு எஸ்தர் டீச்சர் எழுதியிருக்கிற இலக்கு என்ன தெரியுமா, தனியாகத் தெருமுக்குக் கடைக்குப் போய் ஒரு சாமான் வாங்கித் திரும்புவது. தனியாக. டீச்சர் பின்னாலேயே நடந்து பழக்கியாகிவிட்டதாம், இனி விட்டுப்பார்க்கவேண்டுமாம், பெற்றோர் சம்மதம் வேண்டுமாம். இலக்கு முடிந்தது என்று நான் சொல்லிவிட்டால் அடுத்த இலக்கே கிடையாது. எவ்வளவு சுத்தமான வழி. வடிவு நிம்மதியாகத் தூங்குவாள். நான் தூங்குவேனா? தூங்குவேன், மேல் தாழ்ப்பாள் போட்ட வீட்டில் நன்றாகத்தான் தூக்கம் வருகிறது, அதுதான் அசிங்கம். ஆனால் அவள் வளர்கிறாள், கதவு வளராது, என்றைக்காவது நாற்காலி இல்லாமலே எட்டிவிடுவாள். அன்றைக்கு? நிலையை உயர்த்துவோமா? ஐந்து சொல்லிவிடலாம். ஐந்துதான்.

“பிரம்மநாயகம் சார்,” என்று கூப்பிடுகிறாள் அந்தப் பெண். எழுவதற்குச் சுவரைப் பிடிக்கவேண்டியிருக்கிறது. அறையில் பெரியவர்கள் நாற்காலி, உட்கார்ந்ததும் கால் நீண்டு எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எஸ்தர் டீச்சர் கதவோரம் நிற்கிறார், ஏதோ எடுக்க வந்தவர்போல, இளவேனில் அவர் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு. என்னைப் பார்த்து வணக்கம் வைக்கிறாள். நிரஞ்சனா சிரிக்கிறாள், “முதல்ல ஒரு பொதுவான கேள்வி சார், இதுக்கு மார்க் கிடையாது. இந்த வருஷம் இளவேனில் யாரும் சொல்லித் தராம, தானா செஞ்ச ஒரு விஷயம் சொல்லுங்களேன்.” இந்தக் கேள்வி வாட்ஸப்பில் வரவில்லை. ஒன்றும் இல்லை என்று சொல்லவேண்டும். வாய் திறக்கிறேன், ஒன்றும் இல்லை என்பது இரண்டு சொல், அதைச் சொல்ல வருகிறபோது அந்த மருத்துவர்கள், அவர்கள் எழுதிக் கொடுத்த தாள்கள், குரங்கு, பெட்டி எல்லாம் குறுக்கே வந்து நிற்கின்றன. தப்பான தகவலைத் தப்பென்று தெரிந்தே பதிவுசெய்ய என்னால் ஒருபோதும் முடிந்ததில்லை, அது குணம் அல்ல, ஊனம். அதோடு, எப்படிச் சொல்வது, கர்வம். இத்தனை நாளாக ஒருவரிடமும் பெருமையடிக்க முடியாமல் வைத்திருக்கிறேன். “நாற்காலிய இழுத்துட்டு வந்து ஏறுனா,” என்கிறேன். “சமையலறையிலருந்து வாசல் கதவுக்கு. யாரும் சொல்லித் தரல. அவளே யோசிச்சா.” “அட! எதுக்கு ஏறுனா சார்?” “தாழ்ப்பாளத் திறக்க.” “தாழ்ப்பாள் அவளுக்கு எட்டுமே,” என்கிறார் எஸ்தர் டீச்சர். “கீழ்த் தாழ்ப்பாள் எட்டும். இது மேல் தாழ்ப்பாள்.” “மேல ஏது சார்?”

அதன்பிறகு நான் பேசியது எனக்கே தூரத்தில் கேட்டது. கீழ்த் தாழ்ப்பாள், செருப்பு, பஸ், நடத்துநர், ஆசாரி, மொட்டைமாடி. நிரஞ்சனாவின் விரல் டேப்புக்கு மேலே அந்தரத்தில் நின்றது, எதை அமுக்குவது என்று தெரியாமல். டீச்சரின் முகம் வெளிறி, பிறகு சிவந்தது. “பஸ்ல ஏறுனாளா? எங்கிட்டச் சொல்லவே இல்லியே சார். ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்தப் பக்கம் தெரு, அந்தப் பக்கம் பஸ்ஸுன்னு படம் போட்டே பழக்கியிருப்பேனே.” குரல் உடைந்தது, முந்தானையை இளவேனில் கையிலிருந்து இழுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார், “எந்த சீட்டுல உக்காந்திருந்தா?” “ஜன்னலோரம்.” “அப்ப தானாத் தேர்ந்தெடுத்திருக்கா,” என்றார், அழுதுகொண்டே, ஆசிரியர்கள் திருந்தவேமாட்டார்கள். “அப்போ சார்,” என்றாள் நிரஞ்சனா, மிக மெதுவாக, “வீட்டுப் பயிற்சின்னு ஒரு கேள்வி இருக்கு.” “ஒன்று.” “ஒண்ணுன்னா ஒருபோதும் இல்லைன்னு அர்த்தம் சார்.” “தெரியும்மா. அதுக்குக் கீழ ஏதாவது இருக்கா? கத்துக்கிட்டத நாங்க கலைச்சுவிட்டோம். அதுக்கு எண் இல்லியே.” அவள் தேடினாள், உண்மையாகவே மேலும் கீழும் தள்ளித் தேடினாள், நல்ல பெண். “இல்ல சார்.” “அப்ப ஒன்றே இருக்கட்டும்.” “இலக்கு முடிஞ்சுதா?” “முடியல.” “அடுத்த வருஷ இலக்கு, தனியா கடைக்குப் போயிட்டு வர்றது. சம்மதமா?” சம்மதம் இல்லை. இல்லை, இல்லை. என் உடம்பில் ஒரு அங்குலம்கூடச் சம்மதிக்கவில்லை. “போட்டுக்கோங்க,” என்று சொன்னது யார் என்று தெரியவில்லை, டீச்சர் என்னைப் பார்த்த பார்வையிலிருந்து நான்தான் என்று தெரிந்துகொண்டேன். “அடுத்த வருசம்னு எதுக்குத் தள்ளணும்?” என்றார் டீச்சர். “நீங்க இருக்கியள்லா. இப்பமே விட்டுப் பாப்போம்.”

வாசல் கேட். வெயில் கண்ணைக் கூச வைக்கிறது. டீச்சர் இளவேனிலின் கையில் ஒரு நாணயத்தை வைத்து விரல்களை மூடி, “உப்பு,” என்கிறார், காலி உப்பு பாக்கெட்டை மறு கையில் கொடுத்து. கடைக்காரரிடம் போனில் சொல்லியாகிவிட்டது, பிள்ளை வந்ததும் அவர் கூப்பிடுவார். தெரு நேராகப் போகிறது, கடைசியில் வலது பக்கம் திரும்புகிறது, கடை திருப்பத்துக்கு அந்தப் பக்கம், இங்கிருந்து தெரியாது. தெரியாத அந்தத் துண்டு எவ்வளவு தூரம்? நான் கேட்கவில்லை, கேட்டால் கூடவே போவேன். “போய்ட்டு வா,” என்கிறார் டீச்சர். போகிறாள். வடிவு பின்னிய சடை ஆடுகிறது, செருப்பு சரியான காலில். ஒரு மினி பஸ் எதிரே வருகிறது, ஓரமாக ஒதுங்கு, ஒதுங்கு, ஒதுங்கிவிட்டாள், தானாக, சுவரோடு சுவராக நின்று பஸ்ஸுக்கு வணக்கம் வைக்கிறாள். அது போனதும் நடக்கிறாள். ஒரு சைக்கிள்காரன் வேகத்தைக் குறைத்து அவளைத் திரும்பிப் பார்க்கிறான், ஏன் பார்க்கிறான், நீ உன் வழியே போயேன். போய்விட்டான். என் கால் கேட்டுக்கு வெளியே ஒரு அடி வைத்திருக்கிறது, எப்போது வைத்தது என்று தெரியாது, டீச்சரின் கை என் சட்டைக் கையைப் பிடித்திருக்கிறது. பாதித் தெருவில் அவள் நின்றுவிட்டாள். நாணயத்தைப் பார்க்கிறாள், பாக்கெட்டைப் பார்க்கிறாள். “திரும்பிப் பாக்கப்போறா சார்,” என்கிறார் டீச்சர், மூச்சுவிடாமல். “ஒங்களப் பாத்துட்டான்னா இங்க ஓடி வந்துருவா. பயிற்சி அத்தோட போச்சு.” ஓடி வந்துவிடுவாள். நான் இப்படியே, இதே இடத்தில், வெறுமனே நின்றால் போதும். கையசைக்கக்கூட வேண்டாம். அவள் கழுத்து மெல்லத் திரும்புகிறது, சடை தோளில் புரள்கிறது, காது தெரிகிறது, கன்னம் தெரிகிறது, நான் கேட் தூணுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறேன். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர் முகத்துக்கு நேரே இருக்கிறது, அதில் ஒரு எறும்பு வரிசை, அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் டீச்சரும் ஒளிந்திருக்கிறார். “போயிட்டாளா?” என்று கேட்கிறேன். “தெரியல சார். எட்டிப் பாக்காதீங்க,” என்கிறார்.